நெஞ்சுவலிக்கு 108 கூப்பிடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு போனை எடுக்கலாம். நெஞ்சு நடுவில் கடுமையான வலியோ, பாரம் ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தமோ வந்து, உட்கார்ந்து ஓய்வெடுத்தும் ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் 108. கூடவே குப்பென்று வேர்வை, மூச்சுத் திணறல், கண் இருட்டுவது இருந்தால் அந்த ஐந்து நிமிடமும் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். வாயுவா, இதயமா என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, பெரிய டாக்டராலும் இசிஜி இல்லாமல் முடியாது.

இனி சேவையைப் பற்றி. நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை எங்கே குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். காசு கிடையாது, கூப்பிடவும் கிடையாது, வண்டியில் போகவும் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கம் இன்னும் பலர் மனதில் 108 என்றால் ரோட்டில் அடிபட்டவர்களுக்கும் பிரசவத்துக்கும் வருகிற வண்டிதான். நெஞ்சுவலிக்கு என்றால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போவதுதான் வழக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியில் இருந்து வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை (அம்பாசமுத்திரம்) வரைக்கும் எந்த ஊரில் கேட்டாலும் இப்படிப் போனவர்கள் கதை ஒன்று இருக்கும்.

எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு மேல். வாழையும் நெல்லும் போடுகிறவர், பல வருஷமாகச் சர்க்கரை. பெரியம்மா வந்து கதவைத் தட்டி, "எய்யா, ஒங்க பெரியப்பா என்னமோ மாதிரி இருக்காவ, நெஞ்சு அடைக்குங்காவ" என்றதும் ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பனியன் நனைந்திருந்தது, மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வலி என்றுகூட அவர் சொல்லவில்லை. கையை விரித்து நெஞ்சு நடுவில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லல, ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல, வாயுதான், பைய சரியாயிரும்" என்றார். தாடை லேசாக வலிக்கிறது, பல் வலி மாதிரி இருக்கிறது என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் இதயத்தில் வருகிற வலி தாடைக்கும், இடது தோளுக்கும், கைக்கும், முதுகுக்கும், சில நேரம் மேல் வயிற்றுக்கும் ஓடும்.

அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். ஓமத்திரவம் எடுத்து வந்தார்கள், சோடா வாங்க ஆள் கிளம்பியது, நெஞ்சில் தைலம் தடவலாமா என்று ஒருவர். துபாயில் இருக்கும் அண்ணன் வீடியோ காலில் வந்து, "விடிஞ்சதும் நல்ல ஆஸ்பத்திரியா பாத்து கூட்டிட்டுப் போ, செலவைப் பத்தி யோசிக்காத" என்றான். எதிர்வீட்டு அண்ணாச்சி தன் மாத்திரை டப்பாவில் இருந்து, இதய நோயாளிகள் நெஞ்சுவலிக்கு வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். எல்லாருமே பாசத்தில் செய்கிறார்கள், அதனால்தான் மறுத்துப் பேசுவது கஷ்டம். "அண்ணாச்சி, ஆம்புலன்ஸ் வரட்டும், பிரஷர் பாத்துட்டுக் குடுப்போம்" என்று சொல்லிவிட்டு 108 அடித்தேன். சார்பிட்ரேட் ரத்த அழுத்தத்தை இறக்கும், ஏற்கெனவே அழுத்தம் இறங்கிக் கிடப்பவருக்கு அது ஆபத்து. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிட்டிருந்தால் இன்னும் ஆபத்து, இதை யாரும் வீட்டார் முன்னால் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

போன் சென்னைக்குப் போகிறது. மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் என்ன அடையாளம், வயது என்ன, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்த நேரத்தில் இத்தனை கேள்வியா என்று தோன்றும், ஆனால் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டியைக் கிளப்பும் வேலை நடக்கிறது. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். சென்னையில் போனை எடுப்பவருக்கு நம்ம ஊர் தெரிய வாய்ப்பில்லை. இடைகால் என்றால் பாப்பாக்குடி பக்கத்திலும் இருக்கிறது, தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூர் பக்கத்திலும் இருக்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும் பழக்கத்தில் "திருநெல்வேலி மாவட்டம்" என்றே சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலில் மாவட்டம், அப்புறம் தாலுகா, அப்புறம் ஊர், கடைசியில் "அம்மன் கோயில் எதிர்ச் சந்து, ரேஷன் கடைக்குப் பின்னால்" என்று சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டியில் இருந்தே ஒரு போன் வந்தது, வழி கேட்டார்கள். ஒரு பையனை டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிறுத்தினோம், இது பெரிய உதவி. கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும், வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் இருவர், ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும். உதவியாளர் சின்ன வயசுப் பெண். நான் இங்கே நட்சத்திரம் கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் நிதானத்துக்குத்தான். பெரியப்பா எழுந்து நடந்தே வண்டிக்கு வருகிறேன் என்று வேட்டியைச் சரி செய்தார். "ஐயா, ஒரு அடி கூட நடக்கக் கூடாது" என்று சொல்லி ஸ்ட்ரெச்சரில் சாய்ந்த மாதிரி உட்காரவைத்துத்தான் தூக்கினார்கள். நடந்தால் இதயத்துக்கு வேலை கூடும், ரத்தம் கிடைக்காமல் தவிக்கிற தசைக்கு அது இன்னும் சுமை. ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். வயிற்றுப்புண் உண்டா, ரத்தக் கசிவு ஏதாவது வந்திருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, தினமும் என்ன மாத்திரை என்று கேட்டுக்கொண்டே போனில் தங்கள் மையத்தில் இருக்கும் டாக்டரிடமும் பேசினார். அதன் பிறகு, ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். மென்றால் சீக்கிரம் ரத்தத்தில் சேரும், அதனால் அப்படி.

பெரியம்மாவுக்கு ஒரே கவலை, மூக்கில் ஆக்சிஜன் வைக்கவில்லையே என்று. "எம்மா, காத்து வைக்க மாட்டியளா?" என்று கேட்டபடியே இருந்தார். ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறது, 90க்குக் கீழே போனால்தான் வைப்போம், தேவையில்லாமல் வைத்தால் பயன் இல்லை என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். பல பேர் ஆம்புலன்ஸ் ஆட்கள் மேல் கோபப்படுவது இதில்தான். மாஸ்க் போட்டால் வைத்தியம் நடக்கிறது, போடாவிட்டால் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

வழியில் இருந்த அரசு ஆஸ்பத்திரியில் இறக்கி முதலில் இசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு என்று உறுதியானதும் கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். இது 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் சொல்கிற அதே முதல் தவணைதான்: ஆஸ்பிரின், அதே மாதிரி ரத்தக்கட்டியைத் தடுக்கும் குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் திட்டமே. உங்கள் ஊர் நர்சம்மாவிடம் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலி வந்த பிறகு கேட்கிற கேள்வி கிடையாது அது.

அங்கிருந்து அதே வண்டியில் ஹைகிரவுண்டு. பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வருகிறோம் என்று முன்கூட்டியே போன் போயிருந்தது. அவசரப் பிரிவில் வந்தவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள், பெரியப்பா நேரே சிவப்புக்குப் போனார். ஓபி சீட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள், மறுநாள் ஆஞ்சியோ செய்து, அடைப்பு இருந்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்தது.

அந்த ஊசி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "விடியட்டும்" என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கட்டியால் அடைபட்டால், கன்னடியன் கால்வாயில் மடை அடைத்ததும் கீழே உள்ள வயல் காய்கிற மாதிரி, அந்தக் குழாயை நம்பி இருக்கும் தசை சாகத் தொடங்கும். வயலுக்கு நாலு நாள் இருக்கிறது, தசைக்கு அரை மணி நேரம்தான், அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போடலாம் என்பார்கள், ஆனால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் கிடைக்கிற பலன் பிறகு கிடைக்காது. செத்த தசை திரும்ப வராது. ஆள் பிழைத்துவிடுவார், ஆனால் மாடிப்படி ஏறினால் இளைப்பு, வயலுக்குப் போக முடியாது என்று மீதி வாழ்க்கை ஓடும். இரண்டு மணிக்கு வந்த வலிக்கு ஆறு மணி வரை காத்திருப்பது என்றால் சரியாக அந்த நல்ல நேரம் முழுவதையும் கட்டிலில் உட்கார்ந்தே கழிப்பது.

வாயுவாக இருந்தால்? இருக்கட்டும். இசிஜி எடுத்து, இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடுகிற ட்ரோபோனின் அளவைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்றால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். நெஞ்செரிச்சல் என்றால் கீழே இருந்து மேலே எரிந்துகொண்டு வரும், புளித்த ஏப்பம் இருக்கும், படுத்தால் கூடும். தசைப் பிடிப்பு என்றால் விரலால் அழுத்திய இடத்தில் வலிக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் ஏமாறுவது ஏன் என்றால் மாரடைப்பும் அதே வேஷத்தில் வரும். ஏப்பம் விட்டதும் லேசாகிற மாரடைப்பு உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருப்பதால் வலியே இல்லாமல் வெறும் வேர்வையும் அசதியுமாக வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் குமட்டல், மூச்சு வாங்குதல், முதுகு வலி என்று வரலாம், நம்ம வீட்டுப் பொம்பளைகள் அதை வெளியே சொல்லவே மாட்டார்கள், அடுப்பங்கரையில் நின்றுகொண்டே தாங்கிக்கொள்வார்கள். உங்கள் ஆச்சியோ மைனியோ திடீரென்று வேர்த்துப்போய் உட்கார்ந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள்.

கடுமையான நெஞ்சுவலியில் மாரடைப்பு மட்டும் இல்லை என்பதும் 108 கூப்பிட இன்னொரு காரணம். பெருந்தமனி உள்ளே கிழிந்தால் முதுகைக் கிழிக்கிற மாதிரி வலி வரும், அப்போது ஆஸ்பிரின் கெடுதல். நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போகலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம். அதனால்தான் வீட்டில் அவரவர் மாத்திரை டப்பாவைத் திறக்காமல், கேட்க ஒரு ஆள் வரும்வரை பொறுப்பது நல்லது.

ஏன் அண்ணாச்சி காரில் போகவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள், பத்து நிமிடம் மிச்சமாகியிருக்குமே என்று. மாரடைப்பில் ஆள் திடீரென்று போவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோவதால். காரின் பின்சீட்டில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்? வண்டியில் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார், உயர்சிகிச்சை வண்டி என்றால் ஷாக் கொடுக்கும் கருவியும் இருக்கிறது. இன்னொன்று, காரில் போனால் எங்கே போவது என்பதை நாம் முடிவு செய்கிறோம், அங்கேதான் பெரிய தவறு நடக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தையை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள், எந்த ஊர் என்று எழுத விரும்பவில்லை. இசிஜி எடுக்கவே இல்லை, கேஸ் ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு இடத்தில் பார்த்தபோது இதயத்தின் பம்ப் பாதியாகக் குறைந்திருந்தது. இன்றைக்கும் அத்தை ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் இருக்கிறார். இசிஜி எடுக்காமல் எந்த டாக்டர் "வாயு" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். எடுத்து நார்மல் என்று வந்தாலும், வலி நிற்கவில்லை என்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், முதல் இசிஜியில் தெரியாமல் அடுத்ததில் தெரிவது சாதாரணம்.

108 வர நேரமாகும் என்று அவர்களே சொன்னால் அப்போது கார் எடுக்கலாம். வலி உள்ளவர் ஓட்டக் கூடாது, பைக் கூடாது, போகிற இடம் இசிஜி இருக்கிற அரசு ஆஸ்பத்திரியாக இருக்கட்டும்.

சரி, குறைந்த அரை நட்சத்திரம். எல்லா 108 வண்டியும் ஒரே மாதிரி கிடையாது, வெண்டிலேட்டரோடு வருகிற உயர்சிகிச்சை வண்டி குறைவு, நமக்கு வருவது பெரும்பாலும் அடிப்படை வண்டி. பக்கத்து வண்டி வேறு கேஸுக்குப் போயிருந்தால் அடுத்த ஊரில் இருந்து வர வேண்டும். காரையார் மாதிரி மலைப்பக்கக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு வண்டி மேலே ஏறி வந்து இறங்கும் நேரமே நல்ல நேரத்தைத் தின்றுவிடும், அவர்களுக்குப் பக்கத்திலேயே இந்த வசதி வேண்டும் என்று நாம் எல்லாரும் கேட்க வேண்டும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் போன்ற நாட்களில் டவுன் பக்கம் வீடு என்றால் எந்தத் தெருவில் வண்டி நுழைய முடியும் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

சைரன் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆம்புலன்ஸ் வந்தா தெருவே கூடிரும், ஒண்ணும் இல்லன்னா அசிங்கம்" என்று பெரியப்பா கடைசி வரை சொன்னார். கூடத்தான் செய்தது. கூடினவர்களில் நாலு பேர் ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள், ஒருவர் ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் எடுத்துக் கொடுத்தார், ஒரு அக்கா பெரியம்மாவோடு ஆஸ்பத்திரிக்கே வந்து மூன்று வேளையும் பார்த்துக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நெஞ்சுவலி வந்தால் தொடர்ந்து பலமாக இருமினால் தப்பிக்கலாம் என்று. அதை நம்பி வீட்டில் தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு 108 கூப்பிடுங்கள். கூட இருப்பவர்கள் கண் முன்னால் ஆள் சாய்ந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சு இரண்டு அங்குலம் இறங்குகிற அளவுக்கு அமுக்குங்கள். வண்டி வரும்வரை விடக் கூடாது, கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது: தினசரி மாத்திரை அட்டைகள், பழைய இசிஜி இருந்தால் அது, காப்பீட்டு அட்டை, ஆதார், போன் சார்ஜர். தேடிக்கொண்டு நின்று வண்டியைக் காக்க வைக்காதீர்கள், பின்னால் வருபவர் கொண்டு வரட்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வர 108 கிடையாது, அது அவசரத்துக்கு மட்டும். நாங்கள் வாடகைக் கார் பிடித்தோம். அண்ணாச்சி தன் காரில் வருகிறேன் என்றார், அவருக்கே இசிஜி எடுத்து ரொம்ப நாள் ஆகிறது என்பதால் பெரியப்பாவோடு அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.